மங்கலம்: ஆம் / இல்லை

தவசிலிங்கம் அண்ணாச்சி காலமானது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அந்த நேரத்தில் அவர் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, சட்னியில் உப்பில்லை என்று நர்ஸிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

நான் பியூலா. சிவகாசியில் ராஜகனி அண்ணாச்சியின் கம்பெனியில் தலைமை டெவலப்பர். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு உபயோகமான யோசனைகள் எழுதிக் கொடு, ஒரு பக்கம் போதும் என்று முதலாளி கேட்டிருக்கிறார். எழுத உட்கார்ந்தால் எந்த யோசனைக்கும் தவசிலிங்கம் அண்ணாச்சியின் சாவுதான் உதாரணமாக வந்து நிற்கிறது. ஆகவே அதையே எழுதிவிடுகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது. முதலாளி திட்டினால் திட்டட்டும்.

ஒரு காலத்தில் இந்த ஊரில் கல்யாணப் பத்திரிகையும் போஸ்டரும் காகிதத்தில் அச்சடித்தார்கள். இப்போது பஸ் ஸ்டாண்டு வளைவு, ஆட்டோவின் முதுகு, ரேஷன் கடைப் பலகை, கல்யாண மண்டபத்துச் சுவர், நாற்காலிக் கைப்பிடி வரை எல்லாமே திரை. எந்தத் திரைக்கும் சொந்தமாக ஒன்றும் தெரியாது. விவரம் முழுவதும் எங்கள் சேமிப்பகத்தில் இருக்கிறது. திரை கேட்கும், அது கொடுக்கும். எப்படிக் காட்டுவது என்பது திரையின் பாடு. சேமிப்பகத்துக்கு முகமே கிடையாது. இந்த மாதிரி அமைப்பைத் தலையில்லாதது என்று தொழிலில் சொல்வோம். முதலாளி அதற்கு ‘மூலம்’ என்று பெயர் வைத்தார். ஊர்க்காரர்கள் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு ‘முண்டம்’ என்று மாற்றிக்கொண்டார்கள். “முண்டத்துல போட்டாச்சா?” என்றுதான் இங்கே எந்த விசேஷ வீட்டிலும் முதலில் கேட்பார்கள்.

முதல் யோசனை. ஒரு விஷயத்தை அது என்னவோ அப்படி வகைப்படுத்துங்கள். எப்படித் தெரியப்போகிறது என்பதை வைத்து வகைப்படுத்தாதீர்கள். எனக்கு முன்னால் இருந்தவர்கள் கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கருமாதி நான்கையும் ‘விசேஷம்’ என்று ஒரே வகையில் போட்டு வைத்திருந்தார்கள். நான்கிலும் ஆள் பெயர், இடம், நேரம், சாப்பாடு இருக்கிறதே என்பது அவர்கள் வாதம். முதல் வருஷம் முழுக்க ஊரில் கருமாதிகளுக்கெல்லாம் ‘சுற்றமும் நட்பும் சூழ வந்து சிறப்பிக்க’ என்று அழைப்பு போனது. சிலர் மொய்க்கவரோடு போனார்கள்.

இனி தவசிலிங்கம் அண்ணாச்சிக்கு வருகிறேன். முன்னாள் நகரத் தலைவர். லேசான நெஞ்சுவலி என்று அவரை மதுரையில் சேர்த்திருந்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை அவருடைய இளைய மகளுக்குக் கல்யாணம். திங்கட்கிழமை ராத்திரி வெகுநேரம் கழித்து அவர் கட்சியின் இளைஞரணிச் செயலாளர் பட்டுராஜன் எங்கள் ஆபீசுக்கு வந்தார். இளைஞருக்கு ஐம்பது தாண்டிவிட்டது.

“அண்ணாச்சிக்கு ஒண்ணும் ஆகாது மேடம். ஆனா ஆயிட்டா நாமதான் முதல்ல நிக்கணும், பாத்துக்கிடுங்க” என்றார்.

ஒரு கண்ணீர் அஞ்சலியைத் தயார் செய்து வரைவாக வைத்திருந்தார். அண்ணாச்சியின் படம் நடுவில். பட்டுராஜனின் படம் அதைவிடச் சற்றே பெரிதாக, கைக்குட்டையோடு. அதைப் பஸ் ஸ்டாண்டு வளைவில் ஏற்றிப் பார்க்கவேண்டும் என்றார்.

“இந்தத் திரையிலயே பாக்கலாம்ண்ணே. வளைவுல எப்படித் தெரியுமோ அப்படியே தெரியும்” என்றேன்.

“அதெப்படி? ஏத்திப் பாத்தாத்தான மூஞ்சி எம்புட்டுப் பெருசுன்னு தெரியும்?”

இது இந்த ஊர்ப் பழக்கம். பேனரைக் கட்டிப் பார்த்து, சாலைக்கு அந்தப் பக்கம் போய் நின்று, தன் முகம் தெரிகிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்காமல் யாரும் திருப்தியாக மாட்டார்கள். நான் முடியாது என்றேன். முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். “கட்சிக்காரரும்மா. அஞ்சு நிமிசம் காட்டிட்டு எடுத்துருவோம்” என்று சொல்லி, தன் சாவியைப் போட்டுத் தானே காட்டினார். பட்டுராஜன் போய்ப் பார்த்துவிட்டு, கைக்குட்டை இன்னும் வெள்ளையாக இருக்கலாம் என்றார். முதலாளி திரும்ப எடுத்தார்.

சேமிப்பகத்திலிருந்துதான் எடுத்தார். வளைவு பழைய திரை. ஒரு முறை வாங்கியதை நினைவில் வைத்துக்கொண்டு, யாராவது தட்டி எழுப்பும் வரை அதையே காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே இன்னும் இரண்டு யோசனைகள். வரைவைப் பார்க்கும் சாவியை ஊர்த்திரைக்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள். கொடுத்ததைத் திரும்ப எடுத்துவிட்டதாக ஒருபோதும் நம்பாதீர்கள்.

விடிந்ததும் எதிர்க்கோஷ்டி ஆள் ஒருவர் பால் வாங்கப் போனவர் வளைவைப் பார்த்தார். அவர் மதுரைக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போன் போட்டு உறுதி செய்வதற்குள் பக்கத்து வார்டு முந்திக்கொண்டால் என்ன ஆவது? பால் தூக்கைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்று ஓர் அஞ்சலியை வெளியிட்டார். அதைப் பார்த்து வர்த்தகர் சங்கம். அதைப் பார்த்து லயன்ஸ் கிளப். தன் வரைவை யாரோ முந்திவிட்டார்கள் என்று பதறிப்போய்ப் பட்டுராஜனே வெளியிட்டார். காலைச் சாப்பாட்டு நேரத்துக்குள் ஊரே கறுப்பு வெள்ளையாகிவிட்டது.

மதுரை ஆஸ்பத்திரியின் சமையலறையும் எங்கள் சேமிப்பகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது எனக்கு அன்றுதான் தெரியும். அண்ணாச்சிக்கு மத்தியானச் சாப்பாடு வரவில்லை. அவர் கத்தியிருக்கிறார். நர்ஸ் தன் மணிக்கட்டுத் திரையைப் பார்த்துவிட்டு, “சார், நீங்கதான் இல்லையே” என்று சொல்லியிருக்கிறார். ஒரு செய்தி மாறினால் எங்கெங்கே மணி அடிக்கும் என்பதைத் தெரிந்து வைத்திருங்கள் என்பது அடுத்த யோசனை.

உடனே அண்ணாச்சி எனக்குப் போன் போட்டார். உயிர் போன கோபத்தில் இருப்பார் என்று பயந்துகொண்டே எடுத்தேன்.

“தாயி, யாரு யாரு போட்டிருக்கான்?”

நான் படித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் “ம்” என்றார். தன்னைப் பதவியிலிருந்து இறக்கிய ஆள் ‘எங்கள் சிங்கம் சாய்ந்தது’ என்று போட்டிருந்ததை இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

“மத்தவனும் போடட்டும், அவசரமில்ல. ஒரு வாரம் இப்படியே கெடக்கட்டும். சாப்பாடு மட்டும் வரச் சொல்லு” என்று வைத்துவிட்டார்.

அவருக்கு அவசரமில்லை. மறுநாள் அவர் மனைவி சொர்ணத்தாய் ஆபீசுக்குள் வந்தார். பட்டுச்சேலை, இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல், வழக்கத்தைவிட மூன்று பங்கு பெரிய குங்குமம்.

“ஏ பிள்ள, என்னை நல்லாப் பாரு. நான் தாலி அறுத்தவளா?”

“அம்மா, முதல்ல உக்காருங்க.”

“எனக்கு உக்கார எங்க எடம் குடுத்திருக்கீங்க? மண்டபத்துலருந்து இருக்கைப் படம் அனுப்பிச்சிருக்கான். பெத்தவளைக் கொண்டுபோயி பந்தி வாசல்கிட்ட, கடைசி வரிசையில போட்டிருக்கு!”

எங்கள் ஊர்க் கல்யாணங்களைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. தாலி கட்டுமுன் அதைத் தேங்காயோடு தட்டில் வைத்துச் சபையில் கொண்டுவருவார்கள். சுமங்கலிகள் தொட்டு ஆசீர்வாதம் செய்வார்கள். இப்போது யாரிடம் தட்டை நீட்டவேண்டுமோ அந்த நாற்காலிக் கைப்பிடியில் பச்சை விளக்கு எரியும். பச்சை எரியாதவர்களுக்கு மேடையும் கிடையாது, முன்வரிசையும் கிடையாது.

“மங்கலம்னு ஒரு ஃபீல்டு இருக்கும்மா. அதை யாரும் கையால நிரப்புறதில்ல. வீட்டுக்காரர் இருக்காருன்னா ஆம், இல்லேன்னா இல்லை. தானா எடுத்துக்கிடும்.”

“அவுகதான் இருக்காகள்ல! இப்பக்கூட போன்ல வஞ்சாக.”

“முண்டத்துல இல்லம்மா. இழவு வீட்டுக்காரங்க யாரும் வந்து பதியுறதில்ல. செத்தவுகளுக்கெல்லாம் பொறந்தநாள் வாழ்த்து போயிட்டிருந்துச்சு. அதனால மூணு பேரு கண்ணீர் அஞ்சலி போட்டா ஆளு காலமாயிட்டாருன்னு எடுத்துக்கச் சொல்லி ஒரு விதி வச்சோம்.”

“மூணு பேரு அழுதா செத்தாச்சா?”

“இப்ப நூறு பேருக்கு மேல அழுதுட்டாங்கம்மா.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது. “சம்பந்தியம்மாகிட்டப் பேசினேன். எங்களுக்குத் தெரியாதா மதினி, அண்ணாச்சி கல்லு மாதிரி இருக்காக, ஆனா நாலு பேரு சுவரைத்தான பாக்குறாகன்னு சொல்றா. என் பிள்ளை கல்யாணத்துல நான் மேடையேறக் கூடாதாம். சித்தியை நிக்கச் சொல்லிருவோமாம்.”

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பட்டுராஜனைக் கூப்பிட்டு, அஞ்சலியைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னேன். சொர்ணத்தாய் கேட்கட்டும் என்று போனைச் சத்தமாகவே வைத்தேன்.

“நான் எப்படி மேடம் முதல்ல எடுக்க? அண்ணாச்சி மேல பட்டுராஜனுக்குப் பாசம் கொறைஞ்சு போச்சும்பான். மத்தவன் எடுக்கட்டும், அடுத்த நிமிசம் நானும் எடுத்துர்றேன்.”

வர்த்தகர் சங்கமும் இதையே சொன்னது. லயன்ஸ் கிளப் செயற்குழு கூடித் தீர்மானம் போடவேண்டும் என்றது. அதற்குள் சென்னையிலிருந்து கட்சித் தலைமையின் இரங்கல் வேறு வந்து சேர்ந்துவிட்டது. தலைமை தப்பாக அழுதுவிட்டது என்று யார் போய்ச் சொல்வது? தவசிலிங்கம் அண்ணாச்சி உயிரோடு இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதற்காக எதுவும் செய்ய யாருக்கும் தோதுப்படவில்லை.

“அவுக எப்படியும் போகட்டும்” என்றார் சொர்ணத்தாய். “எனக்கு மட்டும் ஆம்னு ஒரு தட்டுத் தட்டிவிட்டுரு.”

இந்த இடத்தில் எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. காரணம் இருக்கிறது.

“அம்மா, இந்த ஃபீல்டு முதல்ல கிடையாது. மூத்த மகள் கல்யாணத்தப்போ நீங்க வந்து கேட்டுத்தான் வச்சோம். ஞாபகம் இருக்கா?”

அவர் சேலை மடிப்பை நீவ ஆரம்பித்தார். முதலாளியும் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அன்று இதே நாற்காலியில் உட்கார்ந்துதான் சொர்ணத்தாய் முதலாளியிடம் கேட்டார். தவசிலிங்கம் அண்ணாச்சியின் தங்கை பாக்கியம். புருஷன் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். “பாக்கியம் எனக்குக் கூடப்பொறந்த தங்கச்சி மாதிரி அண்ணாச்சி. நீ தட்டைத் தொடாதன்னு அவ மூஞ்சிக்கு நேரா நான் எப்படிச் சொல்ல? சுவரு சொல்லிருச்சுன்னா யாருக்கும் மனத்தாங்கல் வராதுல்ல?” முதலாளிக்கு யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. மாவட்டத்தில் உள்ள எல்லா மண்டபக்காரர்களுக்கும் பிடித்துவிட்டது. சொல்லச் சங்கடமானதையெல்லாம் முகமில்லாத ஒன்றிடம் சொல்லச் சொல்லிவிட்டு, நாம் நல்லவர்களாகவே இருந்துகொள்ளலாம் அல்லவா?

ஆம், இல்லை என்று இரண்டே விடை உள்ள ஒரு ஃபீல்டு வைக்குமுன் எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். அது யாரைப் பற்றிய கேள்வி, யார் கேட்கச் சொன்ன கேள்வி என்று டீ ஆறும் வரை யோசியுங்கள்.

“தனியா உங்களுக்கு மட்டும் மாத்த முடியாதும்மா” என்றேன். “எடுத்தா அந்த ஃபீல்டையே மொத்தமா எடுக்கணும். யாருக்கும் பச்சையும் எரியாது, யாருக்கும் கடைசி வரிசையும் வராது. பாக்கியம்மாவுக்கும் சேத்துத்தான்.”

சுத்தப் பொய். சொர்ணத்தாய்க்கு மட்டும் விலக்குக் கொடுப்பது பத்து வரி வேலை. இதையும் ஒரு யோசனையாக எழுதிக்கொள்ளுங்கள். ‘முடியாது, சிஸ்டம் அப்படி’ என்று நாம் சொன்னால் சரிபார்க்க எதிரில் இருப்பவருக்கு வழியே இல்லை. நம் தொழிலில் நமக்குக் கிடைத்திருக்கும் ஒரே பலம் அது. லீவு வாங்குவதற்கு மட்டும் பயன்படுத்தி வீணடிக்காதீர்கள்.

சொர்ணத்தாய் வளையலைத் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டார். பாக்கியம் மேடைக்குப் பக்கத்தில் வருவதையும், தான் மேடையில் இல்லாமல் போவதையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்த்திருப்பார். கடைசியில், “எடு” என்றார்.

முதலாளி பதறி எழுந்தார். “மண்டபக்காரங்க என்னைக் கொன்னுருவாங்க மதினி!”

“என் வீட்டுக்காரரையே கொன்னுபுட்டீங்க. உங்களுக்கு என்ன?” என்றார் சொர்ணத்தாய். முதலாளி உட்கார்ந்துவிட்டார்.

எடுத்தேன். கையால் நேரடியாக, ஓடிக்கொண்டிருக்கும் சேமிப்பகத்தில். அப்படிச் செய்யவே கூடாது என்பதும் ஒரு யோசனைதான். நான் சொல்கிறேன், நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை மண்டபத்துக்குப் போனேன். ஏதாவது நின்றுபோனால் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முதலாளி உத்தரவு. தவசிலிங்கம் அண்ணாச்சியை டாக்டர் அனுப்பி வைத்திருந்தார். சக்கர நாற்காலியில் வாசலிலேயே இருந்தார். அவர் தலைக்கு மேல் வரவேற்புத் திரையில் ‘தெய்வத்திரு தவசிலிங்கம் அவர்களின் இளைய குமாரத்தி’ என்று ஓடியது. பக்கத்தில் மாலை போட்ட அவர் படம். வந்தவர்கள் படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டு, உச்சுக்கொட்டி, அப்புறம் குனிந்து, “உடம்பு எப்படியிருக்கு அண்ணாச்சி?” என்று கேட்டார்கள். இரண்டையும் அவர் ஏற்றுக்கொண்டார். பட்டுராஜன் வந்து காலில் விழுந்தார். திரைக்கு முன்னாலா, நாற்காலிக்கு முன்னாலா என்று தெரியாதபடி நடுவாக விழுந்தார்.

உள்ளே சொர்ணத்தாய் மணவறையில் மகளுக்குப் பின்னால் நின்றார். யாரும் தடுக்கவில்லை. தடுக்கச் சுவர் ஒன்றும் சொல்லவில்லையே. சம்பந்தியம்மா ஒரு முறை தன் மணிக்கட்டைத் தட்டிப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. சிரித்துக்கொண்டார்.

தாலித் தட்டு வந்தது. மண்டபத்துச் சீருடைச் சேலை கட்டிய பெண் அதைத் தூக்கிக்கொண்டு மேடையைவிட்டு இறங்கி, பச்சை விளக்கைத் தேடினாள். ஒரு நாற்காலியிலும் எரியவில்லை. இதற்கும் ஒரு யோசனை உண்டு. கேட்ட விவரம் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று திரைக்குச் சொல்லி வைத்திருக்கவேண்டும். மனிதர்களுக்கு யாரும் சொல்லி வைத்திருக்கவில்லை. பெண்கள் தங்கள் கைப்பிடியைக் குனிந்து பார்த்தார்கள். பக்கத்து நாற்காலியைப் பார்த்தார்கள். தட்டை வைத்துக்கொண்டு அந்தப் பெண் அப்படியே நின்றாள்.

சொர்ணத்தாய் மேடையிலிருந்து இறங்கி வந்து தட்டைத் தன் கையில் வாங்கினார். முதலில் சம்பந்தியம்மாவிடம்தான் போவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். சம்பந்தியம்மா கையைக்கூட நீட்டிவிட்டார். சொர்ணத்தாய் நடுப்பாதையில் நேராக நடந்து, நானும் மண்டப மேனேஜரும் நின்ற கடைசி வரிசைக்கு வந்தார். பந்தி வாசலை ஒட்டிய நாற்காலியில் பாக்கியம் உட்கார்ந்திருந்தார். இன்று எந்தத் திரையும் அவரை அங்கே உட்காரச் சொல்லவில்லை. அவராகவே வந்து உட்கார்ந்திருந்தார்.

“தொட்டுக் குடு, பாக்கியம்” என்றார் சொர்ணத்தாய்.

பாக்கியம் தட்டைப் பார்த்தார். கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

“மூத்தவ கல்யாணத்தன்னிக்கு நாற்காலியில வெளக்கு எரியலைங்கிறதுல எனக்கு வருத்தமே இல்ல மதினி. அது மெசினு. அதுக்கு முன்னாடி மூத்தவ நிச்சயத்துல, இந்த வெளக்கெல்லாம் வர்றதுக்கு முன்னாடி, நான் தாம்பூலத் தட்டுக்குக் கையை நீட்டினேன். நீங்க வாயே திறக்கல. கண்ணைக் காட்டுனீங்க. நான் எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டேன்.”

குரல் உயரவில்லை. கோபமாகவும் இல்லை. சொர்ணத்தாய்க்கு முகம் வெளுத்துவிட்டது. தட்டை மட்டும் கீழே இறக்கவில்லை.

மேடையில் ஐயர் எட்டிப் பார்த்தார். நாதஸ்வரக்காரர் வாசித்ததையே திரும்ப வாசித்தார். மாப்பிள்ளை மாலையைச் சரிசெய்தார். முன்வரிசைத் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. பாக்கியம் அவசரப்படவில்லை. அத்தனை பேரையும் உட்கார வைத்து, சொர்ணத்தாயை நிற்க வைத்து, அவர் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் என் காதுக்குப் பக்கத்தில் குனிந்தார். “என்ன மேடம், சிஸ்டம் ஸ்லோவா இருக்கா?”

“ஆமா” என்றேன். “கொஞ்சம் பொறுங்க.”